ஒரு மடிக்கணினி, இரண்டு இயங்குதளம்: மகளிர் குழுக் கணக்கு பிழைத்த கதை

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது, தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம். பிளஸ் டூ படித்த பிள்ளைகள் மூலம் கிராமத்து வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி வந்தது அப்போதுதான். படிப்பு முடிந்து, பிள்ளைகள் வேலைக்கோ, கல்யாணமாகியோ போய்விட்டார்கள். மூடியில் படம் ஒட்டிய அந்த மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்றும் பீரோவுக்கு மேலேயும் பரணிலும் கிடக்கின்றன. "ரொம்ப ஸ்லோ... ஓடாது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம்.

அந்த மடிக்கணினிகளில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவற்றில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. கணினியை உயிர்ப்பித்து, நாம் சொல்லும் வேலையைச் செய்ய வைக்கும் அடிப்படை மென்பொருளுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். பாஸ் லினக்ஸை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். முதல் பதிப்பு 2007-ல் வந்தது. கணினியைப் போட்டதும் 'எது வேண்டும்?' என்று கேட்டு ஒரு பட்டியல் சில நொடிகள் வந்து நிற்கும். யாரும் எதையும் தொடமாட்டார்கள். தானாகவே விண்டோஸுக்குப் போய்விடும்.

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் அருகே உள்ள ஒரு சிறு விவசாயக் குடும்பத்திலும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் போயிற்று.

எட்டு மாதக் கணக்கு காணோம்!

இரண்டரை ஏக்கர் நிலம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி, இல்லாவிட்டால் கேழ்வரகும் நிலக்கடலையும். இரண்டு கறவை மாடுகள். மூத்த மகளுக்கு 2014-ல் மடிக்கணினி கிடைத்தது. அவர் தர்மபுரியில் பி.சி.ஏ. சேர்ந்தார். தம்பி அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான்.

அம்மா, 14 பெண்கள் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கித் தவணை என்று மாதாமாதம் கூட்டிக் கழிப்பதற்குள் அவருக்கு ராத்தூக்கம் போய்விடும். மகள்தான் எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். தொகையை அடித்தால் வட்டியும் நிலுவையும் தானாக வந்துவிடும். அந்த வசதி பழகியதும், பேரேட்டில் ஏற்றுவதைத் தள்ளிப்போட்டார் அம்மா. பட்டியல் இருந்தது ஒரு பென் டிரைவில் மட்டும்தான்.

2018-ல் வங்கியில் குழுவுக்குப் புதுக் கடன் கேட்டிருந்தார்கள். திங்கள்கிழமை கணக்கைக் காட்ட வேண்டும். சனிக்கிழமை ஒரு ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்து, கூட்டத் தீர்மானத்தைப் பிரிண்ட் எடுத்து வந்தார். வீட்டுக்கு வந்து செருகினால், உள்ளே ஃபோல்டர்களைக் காணோம். ஒரே ஒரு அம்புக்குறிப் படம் இருந்தது. அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லை. உள்ளூரில் கணினி பழுது பார்ப்பவர், "வைரஸ் ஏறிடுச்சுக்கா. ஃபார்மேட் அடிக்கணும், உள்ள இருக்கிறது போயிரும்" என்று சொல்லிவிட்டார்.

எட்டு மாதக் கணக்கு. 14 பேரின் சிறு பாஸ்புத்தகங்களையும் ஒவ்வொன்றாக வாங்கி எழுதினால் ஓரளவு சேர்த்துவிடலாம். ஆனால், ஒன்றரை நாளில் முடியுமா? முடியாவிட்டால் கடன் தள்ளிப்போகும். அதைவிட, "கணக்கு எழுதுறவ ஏதோ மறைக்கிறா" என்று ஊரில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பத்து வருடமாகச் சேர்த்த பேர் என்ன ஆவது? அன்று ராத்திரி அந்த அம்மா சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்கு வந்திருந்தார். கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் பழகியிருந்தவர். கணினியைப் போட்டு, அந்தப் பட்டியல் வந்ததும் கீழ்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்தி, பாஸ் லினக்ஸைத் திறந்தார். பென் டிரைவைச் செருகினார். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரிந்தது. அதற்குள் எல்லாக் கோப்புகளும் அப்படியே இருந்தன.

மந்திரம் எதுவும் இல்லை. இந்த வகை வைரஸ், கோப்புகளை அழிப்பதில்லை. பெயரில்லாத ஃபோல்டருக்குள் தள்ளி, அதை 'மறைக்கப்பட்டது' என்று குறித்துவிட்டு, முன்னால் ஒரு போலிக் குறுக்குவழியை வைத்துவிடும். விண்டோஸ் அந்தக் குறிப்புக்குக் கட்டுப்பட்டு ஃபோல்டரைக் காட்டாது. லினக்ஸ் அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாமல் இருப்பதைக் காட்டிவிடும். அந்த வைரஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது என்பதால், லினக்ஸில் இயங்கவும் இல்லை.

திங்கள்கிழமை கணக்கு வங்கிக்குப் போனது. செவ்வாய்க்கிழமையே அம்மா பேரேட்டை எடுத்துவைத்து, எட்டு மாதத்தையும் கையால் ஏற்றத் தொடங்கினார்.

பகிர்ந்து பெருகும் விதை

"இது யாரோட கம்பெனி? ஏன் சும்மா தர்றாங்க?" என்று கேட்டார் அப்பா. சும்மா வருவதில் ஏதாவது சூது இருக்கும் என்பது விவசாயியின் அனுபவம். மகள் விதையை வைத்துத்தான் விளக்கினார்.

திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பர்ய நெல் 2 கிலோ வாங்கிப்போகும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். விதைக்கு விலை கிடையாது. வாங்கியவர் விதைக்கலாம், தேர்வு செய்து மேம்படுத்தலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். பூட்டி வைக்க மட்டும் கூடாது.

லினக்ஸ் வளர்ந்ததும் கிட்டத்தட்ட இதே முறையில்தான். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன், எல்லோரும் பயன்படுத்தவும், உள்ளே பார்க்கவும், திருத்தவும், பகிரவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், அதற்குத் தேவைப்பட்ட மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். திருத்தியதை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது, அதன் மூல நிரலையும் அதே உரிமைகளோடு சேர்த்துத் தர வேண்டும். இதுதான் நிபந்தனை. அந்த மையப் பகுதிதான் இன்று ஆண்ட்ராய்டு செல்போன்களுக்குள்ளும் ஓடுகிறது.

மென்பொருள்காரர்களின் இந்த முறையைப் பார்த்து விதைக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய 'ஓப்பன் சோர்ஸ் விதை முன்னெடுப்பு' என்ற அமைப்பு, 'இந்த விதையை யாரும் காப்புரிமை போட்டுப் பூட்டக் கூடாது' என்ற உறுதிமொழியோடு விதைகளைக் கொடுக்கிறது.

"அப்போ விண்டோஸ் ஒட்டுரகமா?" என்று கேட்டார் அப்பா. மகள் சிரித்துக்கொண்டே, "அப்படியே வெச்சுக்கோங்கப்பா. ஒட்டுரகத் தக்காளியையும் நாம விதைக்கிறோம்ல? விளைச்சல் தருது. ஆனா ஒவ்வொரு தடவையும் விதையக் கம்பெனிகிட்டதான் வாங்கணும். கேழ்வரகுக்கு நம்ம வீட்டு விதை. ரெண்டும் நம்ம காட்டுலதானே இருக்கு!" என்றார்.

எந்த வேலைக்கு எது?

இரண்டையும் வைத்துக்கொள்வது என்று முடிவானதும், எந்த வேலையை எதில் செய்வது என்பதும் மெல்லப் பிடிபட்டது.

குழுக் கணக்கு லினக்ஸுக்கு வந்துவிட்டது. எக்செல் பட்டியலை 'லிப்ரே ஆபீஸ் கால்க்' அப்படியே திறந்தது. வட்டிக் கணக்கும் மாறவில்லை. பட்டா, சிட்டா நகல் எடுப்பது, பி.எம்.கிசான் தவணை வந்ததா என்று பார்ப்பது, சந்தை விலை பார்ப்பது எல்லாம் இணைய உலாவியில் நடக்கும் வேலைகள். அதற்கு எந்த இயங்குதளமாக இருந்தாலும் ஒன்றுதான். ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது.

விண்டோஸை விட முடியாத வேலைகளும் இருந்தன. அப்பா உறுப்பினராக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கு, டேலி மென்பொருளில் எழுதப்படுகிறது. வளர்ந்து பாலிடெக்னிக் சேர்ந்த தம்பி, அங்கே மாலை நேரத்தில் பதிவு செய்யும் வேலைக்குப் போனான். டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டிப்பார்க்க 'வைன்' என்ற கருவி இருக்கிறது. சிலது ஓடும், சிலது மக்கர் செய்யும். ஊராருடைய வரவு செலவில் அந்தச் சோதனை வேண்டாம் என்று, டேலிக்கு விண்டோஸையே வைத்துக்கொண்டார்கள். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்துச் சாதனம் போன்றவற்றுக்கும் பல நேரம் விண்டோஸ்தான் கைகொடுக்கிறது.

பிரிண்டர் விஷயத்தில் பொதுவாகச் சொல்ல முடியாது. வீட்டிலிருந்த பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸில் அசையவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிரிண்டரோ, எந்த சி.டி-யும் போடாமல் செருகியவுடனே வேலை செய்தது. இப்போதெல்லாம் கணக்கை பி.டி.எஃப். ஆக மாற்றி, செல்போனிலேயே கடைக்கு அனுப்பிவிடுகிறார் அம்மா. பென் டிரைவ் கடைவாசல் ஏறுவதே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. லிப்ரே ஆபீஸில் செய்த கடிதத்தை வேர்டில் திறந்தால் சில சமயம் வரிகள் இடம் மாறி நிற்கும். பி.டி.எஃப். ஆக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடிய கடிகாரம்

சில்லறைத் தொல்லைகளும் வந்தன. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குள் போனால், கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நின்றது. பால் கறந்துவிட்டு வந்து ஆறு மணிக்குக் கணினியைப் போட்டால், நள்ளிரவு பன்னிரண்டரை என்று காட்டும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்தார்கள். காரணம் வேறு. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும் லினக்ஸ். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். 'உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்' என்று லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இன்னொரு நாள், விண்டோஸ் பகுதியில் இருந்த கோப்பை லினக்ஸிலிருந்து திறக்க முடிந்தது, சேமிக்க முடியவில்லை. விண்டோஸை முழுதாக அணைக்காமல் 'தூங்க' வைத்திருந்ததுதான் காரணம். விண்டோஸை ஒழுங்காக ஷட் டவுன் செய்த பிறகே லினக்ஸுக்குள் வர வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டார்கள்.

தமிழ் எழுத்துதான் ரொம்ப நாள் படுத்தியது. உற்பத்தியாளர் நிறுவனத்தின் தீர்மானங்களை ஒரு டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்திருந்தார்கள். வீட்டில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலைந்து கிடந்தது. லினக்ஸ் கெடுத்துவிட்டது என்று அப்பா நினைத்தார். அதே எழுத்துரு இல்லாத விண்டோஸ் கணினியிலும் அது அப்படித்தான் தெரியும். யூனிகோடு முறையில் அடித்தால் செல்போன், விண்டோஸ், லினக்ஸ் எதிலும் தமிழ் தமிழாகவே இருக்கும். 1999-ல் தமிழக அரசு அறிவித்த 'தமிழ்99' விசைப்பலகை லினக்ஸில் உண்டு. விண்டோஸில் என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்றவற்றிலும் கிடைக்கிறது. அம்மா பழகியது தமிழ்99-தான். ஒரு மாதம் தடவினார். இப்போது வங்கிக்கும், பி.டி.ஓ. அலுவலகத்துக்கும் குழுவின் மனுக்களை அவரே அடிக்கிறார்.

ஆதரவு நின்றால் கணினி குப்பையா?

2020 ஜனவரி 14-ம் தேதியோடு விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. வேலி சாய்ந்தால் கட்டிக்கொடுக்க ஆளில்லாத தோட்டம்போல.

அப்போது தம்பி மடிக்கணினியை ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 10 போட்டு வந்தான். கடைக்காரர் ஹார்டு டிஸ்கையே மொத்தமாக அழித்துவிட்டுப் போட்டிருந்தார். லினக்ஸ் போய்விட்டது. 2 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 ஊர்ந்தது. குழுக் கணக்கு மட்டும் பேரேட்டிலும், மகளிடம் இருந்த இன்னொரு பிரதியிலும் பத்திரமாக இருந்தது. 2018-ல் கற்ற பாடம் அது.

மகள் தன் செலவில் ரேமை 4 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே 'லினக்ஸ் மின்ட்' போட்டுக் கொடுத்தார். அதில் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான வடிவம் இருக்கிறது. பழைய கணினி மறுபடி நடமாடத் தொடங்கியது.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், கணினியில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். இந்த மடிக்கணினிக்கு அந்தத் தகுதி கிடையாது. அதனால் இப்போது விண்டோஸ் பகுதியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, பழைய பிரிண்டருக்கும் டேலியில் பழைய கணக்கைப் பார்ப்பதற்கும் மட்டும் வைத்திருக்கிறார்கள். வங்கி, ஆதார், மின்னஞ்சல் எல்லாம் லினக்ஸ் பக்கம். லினக்ஸ் மின்டிலும் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள்தான் ஆதரவு. ஆனால், அடுத்த பதிப்புக்குப் பணம் கேட்பதில்லை.

குழுப் பெண்கள் கேட்ட கேள்விகள்

இந்த மடிக்கணினி ஓடுவதைப் பார்த்து, மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் பரணில் கிடந்ததை எடுத்து வந்தார்கள். அவர்கள் கேட்டவையும், மகள் சொன்ன பதில்களும், வாசகர்கள் பலருக்கும் உதவும்.

*"போட்டுப் பார்த்துட்டு, பிடிக்கலைன்னா?"*
கணினிக்குள் எதையும் மாற்றாமலே பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அசைகிறதா என்று சோதித்த பிறகு முடிவு செய்யலாம்.

*"நம்ம போட்டோவெல்லாம் அழிஞ்சிடுமா?"*
அழியாமல் போடலாம். ஆனால், நிறுவும்போது 'டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு' என்றும் ஒரு வழியைக் காட்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போய்விடும். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதுவானாலும், முக்கியமானதை முன்பே வேறு இடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும்.

*"இதுல வைரஸே வராதா?"*
அப்படிச் சொல்ல முடியாது. விண்டோஸுக்கு வரும் வைரஸ்களில் பெரும்பாலானவை இங்கே இயங்காது என்பது உண்மை. ஆனால், போலி வங்கிப் பக்கத்தில் ஓ.டி.பி-யைக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

*"சந்தேகம் வந்தா யாரைக் கேக்கிறது?"*
இதுதான் உண்மையான சிரமம். ஊர்க் கடைகளில் விண்டோஸ் தெரிந்தவர்கள் அதிகம். லினக்ஸ் தெரிந்தவர்கள் குறைவு. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. 'கணியம்' என்ற இணைய இதழ் 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகளையும் கேட்கலாம்.

*"பிள்ளைங்க படிப்புக்கு ஆகுமா?"*
கேரளாவில் அரசுப் பள்ளிக் கணினிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆனால், கல்லூரியில் ஏதாவது ஒரு குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளைக் கேட்டால், அதற்காக விண்டோஸ் இருப்பது நல்லது.

வந்த மூன்று மடிக்கணினிகளில் இரண்டு பிழைத்துக்கொண்டன. ஒன்றுக்கு ஹார்டு டிஸ்கே போய்விட்டது. அதற்கு எந்த இயங்குதளமும் மருந்தில்லை.

குழுக் கணக்கு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: பேரேடு, மடிக்கணினி, மகளிடம் ஒரு பிரதி. மாதக் கூட்டத்தில் அம்மா பட்டியலை வாசித்துவிட்டு, பி.டி.எஃப். ஆக 14 பேர் வீட்டுச் செல்போனுக்கும் அனுப்புகிறார். யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். போன மாதம் உறுப்பினர் ஒருவர் அப்படிக் கூட்டிப் பார்த்து, தன் தவணையில் 50 ரூபாய் விடுபட்டிருப்பதைச் சொன்னார். அன்றைக்கே திருத்தியாயிற்று.